அழிக்கச் சொன்ன பெயர்

இருபத்தாறு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு வாழ்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு குழந்தையின் தகப்பனார் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, பிளேடை எடுத்துச் சுரண்டப் போனேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்த எழுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “பதிவேட்டுல பிளேடு படக் கூடாது தம்பி. தப்பா எழுதினாலும் எழுதினது எழுதினதுதான். மேல ஒரு கோடு போடுங்க, அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, ஓரத்துல சுருக்கொப்பம் வச்சுத் தேதி போடுங்க.” ஓய்வு பெறும்வரை அந்த விதியை நான் மீறியதில்லை. கொலைகாரன் பிறந்ததும் பதிவேட்டில் இருக்கும், மகான் பிறந்ததும் இருக்கும். பிறந்தவர் பின்னால் என்ன செய்தார் என்பதைப் பற்றி அந்தப் பக்கத்துக்குக் கவலை கிடையாது.

அதனால்தான் சாந்தியாகோ கஸாரெஸ் கிரோகா என்ற ஸ்பானிய வழக்கறிஞரின் வாழ்க்கையில் வேறு எதையும்விட ஒரு உத்தரவு என்னை உலுக்கியது. 1936 ராணுவக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆ கொருன்யா மாகாணத்துக்கு அமர்த்தப்பட்ட ஆளுநர், அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து இவர் பெயரை அழிக்கச் சொன்னார். பிறப்புப் பதிவேடு மனிதர்களுக்காக ஏற்பட்டது, விஷ ஜந்துக்களுக்காக அல்ல என்பது அவர் சொன்ன காரணம். வழக்கறிஞர் சங்கத்தின் ஏடுகளுக்கும் இதே உத்தரவு போயிற்று. கைரேகையும் உடல் அளவும் குறித்துக் காவல்துறை வைத்திருக்கும் குற்றவாளிச் சீட்டைத் தவிர, வரும் தலைமுறைக்கு இவரைப் பற்றிய தடயம் எதுவும் கிடைக்கக் கூடாதாம்.

ஒரு மனிதனை நாடு கடத்தலாம், சுடலாம், வீட்டைப் பறிக்கலாம். அதையெல்லாம் வரலாறு நிறையப் பார்த்திருக்கிறது. அவன் பிறந்ததையே இல்லை என்று ஆக்க முனைந்த ஒரு அலுவலகக் கடிதத்தை நான் அதுவரை படித்ததில்லை.

இவரிடம் நான் போய்ச் சேர்ந்தது இவர் மகள் வழியாக. 1950-ல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்றில் மரணமே ஒரு பெண்ணாக, கறுப்பு உடையில், கண் இமைக்காமல் நிற்கும். அந்த வேடத்தில் நடித்தவர் மரியா கஸாரெஸ். அந்த முகத்தில் இருந்த துக்கம் நடிப்பால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யார் இந்த அம்மாள் என்று தேடினேன். ஸ்பெயினின் முன்னாள் பிரதமரின் மகள் என்று இருந்தது. பிரதமர் பதவியில் அவர் இருந்தது 1936 மே 13 முதல் ஜூலை 18 வரை. அந்தக் கடைசித் தேதியைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்ட நாட்களில் அரசாங்கத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலை ஒட்டியது கலீஸியா. அங்கே ஆ கொருன்யா துறைமுக நகரத்தில் 1884 மே 8 அன்று பிறந்தார். அப்பாவும் வழக்கறிஞர், அப்பாவும் குடியரசுவாதி, பின்னாளில் அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். மன்னராட்சி நடந்த நாட்டில் ‘குடியரசு’ என்ற சொல் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து மாதிரி. மகனும் சட்டம் படித்தார், தொழிலாளர் வழக்குகளை எடுத்து நடத்தினார், நகர்மன்றத்துக்குப் போனார். இளமையிலேயே காசநோய் பிடித்துக்கொண்டது. மெலிந்த உடம்பு, குழிந்த கன்னம், நேர்த்தியான கோட்டு, கையில் எந்நேரமும் புத்தகம். பானாதேராஸ் தெருவில் இருந்த வீட்டில் பெரிய நூலகம் ஒன்று வைத்திருந்தார்.

1929-ல் அந்தோன் வில்யார் போன்தே முதலியோருடன் சேர்ந்து கலீஸியாவுக்குத் தன்னாட்சி கேட்கும் குடியரசுக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சான் செபஸ்தியான் நகரத்தில் மன்னரை எதிர்க்கும் கட்சிகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டபோது, கலீஸியக் குடியரசுவாதிகள் சார்பில் போனவர் இவர்தான். உள்ளூர் வழக்கறிஞர் தேசியத் தலைவரானது அந்தக் கூட்டத்தில்தான்.

இவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள மூன்று விடியற்காலைகளைப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். ஹாக்கா, 1930. தலைநகர் மத்ரித், 1932. மறுபடியும் மத்ரித், 1936. முதல் இரண்டும் அவருக்குக் கற்பித்த பாடம் மூன்றாவதில் நாட்டையே கவிழ்த்துவிட்டது.

ஹாக்கா பிரெனே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ராணுவ ஊர். அங்கே ஃபெர்மின் கலான் என்ற இளம் கேப்டன் மன்னருக்கு எதிராக எழத் தயாராக இருந்தார். நாடு முழுக்க ஒரே நாளில் எழ வேண்டும் என்பது புரட்சிக் குழுவின் திட்டம். தேதி டிசம்பர் 15-க்குத் தள்ளிப்போயிற்று. கலான் காத்திருக்க மாட்டார் என்று தெரிந்ததும், அவரைத் தடுத்து நிறுத்தக் குழு மத்ரித்திலிருந்து ஆள் அனுப்பியது. அனுப்பப்பட்டவர்களில் முக்கியமானவர் கஸாரெஸ். குளிர்காலம், மலைப்பாதை. நாளெல்லாம் காரில் பயணம் செய்து, டிசம்பர் 12 பிறந்த பிறகு நள்ளிரவு தாண்டி ஹாக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கலான் அதே சின்ன ஊரில் இருந்தார். அவரை எழுப்பிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்கள்.

பொழுது விடிவதற்குள் கலான் படையைத் திரட்டிவிட்டார். ஹாக்காவில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவர் அழைத்துப்போன படை ஊவெஸ்கா நகரத்தை எட்டும் முன்பே முறியடிக்கப்பட்டது. டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, கலானையும் அவர் தோழர் கேப்டன் கார்ஸியா எர்னாந்தெஸையும் சுட்டுக் கொன்றார்கள். கஸாரெஸ் கைதானார்.

அந்தச் சில மணி நேரத் தூக்கத்தைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பயணக் களைப்பு என்கிறார்கள், நோயாளி என்கிறார்கள், அன்று விடியலிலேயே எழுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்கிறார்கள். எல்லாமே சரியாக இருக்கலாம். நான் நினைப்பது வேறு. அந்த இரவுக்குப் பிறகு, இரண்டு இளைஞர்களின் சாவைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்கியிருப்பான்? கலானும் கார்ஸியா எர்னாந்தெஸும் குடியரசின் தியாகிகள் ஆனார்கள். அவர்கள் படம் வீடு வீடாகச் சுவரில் தொங்கியது. தான் கதவைத் தட்டாத மனிதனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கஸாரெஸ் பின்னாளில் அமைச்சர் வேலை பார்த்தார்.

1931 மார்ச்சில் புரட்சிக் குழுவின் ஆறு பேரை ராணுவ உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பின்னர் குடியரசுத் தலைவராக வந்த அல்கலா ஸமோரா, மிகெல் மௌரா, லார்கோ கபாயெரோ, ஃபெர்னாந்தோ தெ லோஸ் ரியோஸ், அல்வாரோ தெ அல்போர்னோஸ், கஸாரெஸ். அல்போர்னோஸுக்காக வாதாடியவர் விக்தோரியா கென்ட் என்ற பெண் வழக்கறிஞர். ராணுவ நீதிமன்றத்தில் ஒரு பெண் எழுந்து வாதாடுவது ஸ்பெயினில் அதுவே முதல் முறை. ஆறு மாதமும் ஒரு நாளும் தண்டனை என்று சொல்லி, நிபந்தனையோடு வெளியே விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 12-ல் நகராட்சித் தேர்தல். பெருநகரங்களில் குடியரசுக் கட்சிகள் வென்றன. 14-ஆம் தேதி மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ நாட்டைவிட்டுப் போனார். மூன்று வாரத்துக்கு முன் குற்றவாளிக் கூண்டில் இருந்த ஆறு பேரும் அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். கஸாரெஸுக்குக் கடற்படை.

அக்டோபரில் மனுவேல் அஸான்யா பிரதமரானதும் கஸாரெஸை உள்துறைக்கு மாற்றினார். அந்த இரண்டு வருடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்மேல் எனக்குள்ள மரியாதை அங்கேதான் இடறியது.

‘குடியரசுப் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒன்று அந்த அக்டோபரிலேயே நிறைவேறியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பத்திரிகையை நிறுத்தவும், அபராதம் போடவும், ஆளை நாடு கடத்தவும் அது வழி செய்தது. அதைக் கையாண்டவர் உள்துறை அமைச்சர். 1932 ஜனவரியில் கத்தலோனியாவின் சுரங்க ஊர்களில் அராஜகவாதத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அது அடக்கப்பட்டதும் நூற்றுக்கு மேற்பட்டோரை ‘புவனோஸ் ஐரெஸ்’ என்ற கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பிவைத்தார்கள். அராஜகவாதத் தலைவர்கள் துர்ரூதி, அஸ்காஸோ இருவரும் அதில் இருந்தார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. கொருன்யாவில் தொழிலாளிக்காக நீதிமன்றப் படியேறியவர் இவர். ஓராண்டுக்கு முன்னால் கைதியாக இருந்தவர். அந்த உத்தரவில் கையெழுத்துப் போடும்போது அவருக்குள் இருந்த வழக்கறிஞர் என்ன சொன்னார் என்பதை நான் அறிய விரும்புகிறேன்.

குடியரசு சூழ்ந்து நின்ற எதிரிகளுக்கு நடுவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்பதும் உண்மைதான். 1931-ன் கடைசி நாளில் காஸ்தில்பிளாங்கோ கிராமத்தில் நான்கு சிவில் காவலர்களை ஊரார் அடித்தே கொன்றார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, ஆர்னேதோ என்ற ஊரில் ஊர்வலம் போனவர்கள்மேல் சிவில் காவலர்கள் சுட்டதில் பதினோரு பேர் செத்தார்கள். நிலமில்லாத கூலிகளின் பசி ஒரு பக்கம், நிலம் வைத்திருந்தவர்களின் கோபம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் துப்பாக்கியோடு நின்ற படை உள்துறை அமைச்சருக்குக் கட்டுப்பட்டது. அதன் மனம் யார் பக்கம் என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

அந்தச் சூழலில்தான் இரண்டாவது விடியற்காலை வந்தது. 1932 ஆகஸ்ட் 10. ஜெனரல் சான்ஹூர்ஹோ கிளர்ச்சி செய்யப் போகிறார் என்பது அஸான்யாவுக்கும் கஸாரெஸுக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர்கள் முந்திக்கொண்டு கைது செய்யவில்லை. காத்திருந்தார்கள். மத்ரித்தில் விடிவதற்கு முன் அமைச்சகத்தைப் பிடிக்க வந்தவர்கள் தயாராக நின்ற காவலர்களின் குண்டுக்குத் தாங்காமல் ஓடினார்கள். செவிய்யாவைப் பிடித்த சான்ஹூர்ஹோ ஒரே நாளில் கைவிடப்பட்டு, போர்ச்சுகல் எல்லையை நோக்கித் தப்பிப் போகும் வழியில் பிடிபட்டார். குடியரசு முன்னைவிடப் பலத்தோடு நிமிர்ந்தது. பல மாதமாக நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்த கத்தலோனியத் தன்னாட்சிச் சட்டமும் நிலச் சீர்திருத்தச் சட்டமும் அந்த வெற்றி வேகத்திலேயே செப்டம்பரில் நிறைவேறின.

கட்டி பழுத்து உடையட்டும், அப்புறம் மருந்து போடலாம் என்பதுதான் அன்று அவர் கற்றுக்கொண்டது. அன்றைக்கு அது பலித்தது. பலித்ததுதான் பெரிய துரதிர்ஷ்டம்.

அதற்கு ஐந்தே மாதம் கழித்து, 1933 ஜனவரி 11, காதிஸ் மாகாணத்தில் காஸாஸ் வியேஹாஸ். பசித்த கூலிகள் நிறைந்த சின்ன ஊர். தங்கள் ஊரில் புதிய சமுதாயம் பிறந்துவிட்டது என்று அறிவித்துச் சிவில் காவல் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். இரண்டு காவலர்கள் குண்டடிபட்டு இறந்தார்கள். மாலையில் படை வந்தது. ‘ஆறு விரல்காரர்’ என்று ஊர் கூப்பிட்ட எழுபது வயது தாண்டிய கரிமூட்டக்காரர் தன் குடிசைக்குள் மகன், மகள், பேரப்பிள்ளைகளோடு அடைந்துகொண்டார். இரவில் கேப்டன் ரோஹாஸ் வந்து குடிசைக்குத் தீ வைக்கச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் வெந்தார்கள், வெளியே ஓடி வந்தவர்கள் சுடப்பட்டார்கள். பேத்தி மரியா சில்வா ஒரு சிறுவனோடு தப்பினாள். விடிந்த பிறகு ரோஹாஸ் ஊருக்குள் ஆள் பிடித்துவரச் செய்தார். பிடித்து வந்தவர்களை எரிந்த குடிசையின் முன் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் செத்தார்கள்.

அந்தக் கொலைக்குக் கஸாரெஸ் உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாடாளுமன்றக் குழுவும் அரசின் உத்தரவு அல்ல என்றே சொன்னது. ரோஹாஸுக்குப் பின்னர் சிறைத்தண்டனை கிடைத்தது. இருந்தாலும் இந்த இடத்தில் அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. படை அவருடையது. தந்தியும் தொலைபேசியும் அவர் அமைச்சகத்தில் முடிந்தன. நடந்தது என்ன என்பதை நாட்டுக்குச் சொல்ல வேண்டிய வாய் வாரக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் ஊருக்கு நேரில் போய்ச் சாம்பலைப் பார்த்து எழுதிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. தன்மீது ஏழைகள் வைத்திருந்த நம்பிக்கையைக் குடியரசு அந்தச் சாம்பலில்தான் தொலைத்தது. செப்டம்பரில் அரசு போயிற்று. நவம்பர் தேர்தலில் இடதுசாரிக் குடியரசுவாதிகள் நொறுங்கிப் போனார்கள். கஸாரெஸ் கொருன்யாவில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

இடையில் வந்த இரண்டு ஆண்டுகளில் கட்சி அஸான்யாவின் கட்சியோடு இணைந்தது, 1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி வென்றது. மே மாதம் அஸான்யா குடியரசுத் தலைவராகப் போனார். தன் இடத்துக்கு அவர் விரும்பியது சோஷலிஸ்ட் இந்தாலெஸியோ பிரியேத்தோவை. பிரியேத்தோவின் கட்சியே அதற்கு வழிவிடவில்லை. நம்பிக்கைக்குரிய நண்பர் கஸாரெஸிடம் பொறுப்பு வந்து சேர்ந்தது. பிரதமர் பதவியோடு போர் அமைச்சகமும் அவர் தலையில். தினமும் இருமிக்கொண்டு, காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒரு மனிதருக்கு.

மே 19-ல் நாடாளுமன்றத்தில், ஃபாசிசத்தைப் பொறுத்தவரை இந்த அரசு நடுநிலையானது அல்ல, போரிடும் தரப்பு என்று அறிவித்தார். ஜூன் 16-ல் வலதுசாரித் தலைவர் ஹோஸே கால்வோ சொடேலோவோடு கடுமையான வாக்குவாதம். அவரும் கலீஸியாக்காரர், அவரும் சட்டம் படித்தவர், பிறந்தது மினியோ ஆற்றங்கரையில் துய் நகரத்தில். ஏதாவது நடந்தால் உங்களைத்தான் பொறுப்பாளியாக்குவேன் என்றார் கஸாரெஸ். என் தோள் அகலமானது, தாங்கிக்கொள்கிறேன் என்றார் சொடேலோ. ஜூலை 12 இரவு, காவல்படையில் இருந்த இடதுசாரி லெப்டினன்ட் காஸ்தீயோவை வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள். சில மணி நேரத்தில், 13-ஆம் தேதி விடியுமுன், காஸ்தீயோவின் தோழர்கள் காவல்துறை வண்டியிலேயே போய் சொடேலோவை வீட்டிலிருந்து அழைத்துப்போய்ச் சுட்டார்கள். அரசாங்கத்தின் சீருடை அணிந்தவர்கள் எதிர்க்கட்சித் தலைவரைக் கொன்றார்கள். கஸாரெஸ் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தில் அவர் விட்ட வார்த்தையை எதிரிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சதி அதற்கு முன்பே பழுத்திருந்தது. பாம்ப்லோனாவில் ஜெனரல் மோலா திட்டம் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று எத்தனையோ பேர் கஸாரெஸிடம் வந்து சொன்னார்கள். பிரியேத்தோ சொன்னார். அவர் எரிச்சலோடு தட்டிக் கழித்தார். ஜூன் 23-ல் கானரித் தீவுகளிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ராணுவ அதிகாரிகள் மனம் புண்பட்டிருக்கிறார்கள், கவனியுங்கள் என்று மரியாதையாக, இரண்டு பக்கமும் வெட்டும்படி எழுதப்பட்ட கடிதம். எழுதியவர் ஜெனரல் ஃபிரான்சிஸ்கோ ஃபிராங்கோ, பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஆனவர். அவர் பிறந்த ஃபெரோல் துறைமுகம் கொருன்யாவிலிருந்து பார்த்தால் வளைகுடாவின் அந்தக் கரை. ஒரே காற்றில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதிய கடிதத்துக்கு மற்றவர் பதில் போடவில்லை.

ஏன் கைது செய்யவில்லை? கோழைத்தனம் என்றும், முட்டாள்தனம் என்றும், நோய் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1932 ஆகஸ்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு வேறு தெரிகிறது. அவர் காத்திருந்தார். எழட்டும், ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று நம்பினார். போன முறை அப்படித்தானே நடந்தது? போன முறை எழுந்தது ஒரு ஜெனரலும் சில ஊர்களும். இந்த முறை ராணுவத்தில் பெரும் பகுதி. சட்டப்படி அமைந்த அரசுக்கு ராணுவம் கடைசியில் கட்டுப்படும் என்ற நம்பிக்கை ஒரு வழக்கறிஞரின் நம்பிக்கை. கட்சிக்காரர்கள் சொல்வதைவிட முன்தீர்ப்பை அதிகம் நம்பும் பழக்கம் அது.

ஜூலை 17 மாலை, மொராக்கோ கரையில் ஸ்பெயின் வசமிருந்த மெலீயாவில் படை எழுந்தது. அன்று அவர் சொன்னதாக ஒரு கதை இன்றைக்கும் புழங்குகிறது. “அவர்கள் எழுந்துவிட்டார்களா? அப்படியானால் நான் போய்ப் படுக்கிறேன்” என்றாராம். ஸ்பானிய மொழியில் படுக்கையிலிருந்து எழுவதற்கும் கலகம் செய்வதற்கும் ஒரே சொல், தமிழில் எழுச்சி என்பது போல. அவர் உண்மையில் அப்படிச் சொன்னார் என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சி எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கதை ஏன் இவர்மேல் வந்து ஒட்டியது என்பது எனக்குப் புரிகிறது. ஹாக்காவில் தூங்கியவர் என்று நாட்டுக்கே தெரியும். வதந்தி வேர் பிடிக்கக் கொஞ்சம் மண் வேண்டும். அந்த மண் 1930-லிருந்து அங்கே கிடந்தது.

அவர் அந்த இரவுகளில் தூங்கவில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் ஒவ்வொரு படைமுகாமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 18-ஆம் தேதி வானொலியில், கிளர்ச்சி மொராக்கோவோடு நின்றுவிட்டது, தாய்நாட்டில் ஒருவரும் சேரவில்லை என்று அரசு அறிவித்தது. அன்று மாலை செவிய்யா கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மத்ரித் தெருக்களில் தொழிலாளர்கள் ஆயுதம் கேட்டுக் கத்தினார்கள். கொடுக்க அவர் மறுத்தார். கொடுத்தால் அரசு என்ற ஒன்று அன்றோடு முடிந்துபோகும், தெருவில் இருப்பவன் கையில் நாடு போய்விடும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்ததைப் பின்வந்த மாதங்கள் காட்டின. கொடுக்காமல் இருந்ததன் விலையும் அவர் சொந்த ஊரிலேயே தெரிந்தது. அன்று இரவே ராஜினாமா செய்தார். அடுத்து வந்த மார்த்தினெஸ் பார்ரியோ மோலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் பேசிப் பார்த்தார், காலம் கடந்துவிட்டது என்ற பதில் வந்தது. அவர் அரசு ஒரு இரவுகூடத் தாங்கவில்லை. 19-ஆம் தேதி ஹோஸே ஹிரால் வந்து ஆயுதக் கிடங்கைத் திறந்தார்.

கொருன்யாவில் ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ்கோ பெரெஸ் கர்பாயோ. இளைஞர், அவரும் வழக்கறிஞர். மத்ரித்தின் வழியைப் பின்பற்றி அவரும் ஆயுதம் கொடுக்கத் தயங்கினார். ஜூலை 20-ல் படை தெருவுக்கு வந்தது. பீரங்கியால் ஆளுநர் மாளிகையை அடித்தார்கள். 24-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி ஹுவானா காப்தெவியெல் மத்ரித் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை நூலகத்தின் தலைவி, அப்போது கர்ப்பிணி. ஆகஸ்டில் அவரையும் பிடித்துப்போய்க் கொன்று சாலையோரம் போட்டார்கள். மேயர் சுவாரெஸ் ஃபெரினையும் அந்த மாத இறுதியில் சுட்டார்கள். இந்தப் பெயர்களைக் கஸாரெஸ் ஒவ்வொன்றாக மத்ரித்தில் கேட்டிருப்பார். ஹாக்காவில் இரண்டு பேர். இங்கே அவர் ஊரே.

பானாதேராஸ் தெரு வீட்டைச் சூறையாடினார்கள். அந்த ஆகஸ்டில் கொருன்யாவில் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அவர் நூலகத்துப் புத்தகங்களில் சில நெருப்புக்குப் போயின, மற்றவை கைமாறிச் சிதறின. வீட்டில் அகப்பட்டது அவருடைய மூத்த மகளும் அவளுடைய சின்னப் பெண் குழந்தையும். அவளைச் சிறையில் வைத்தார்கள். பிறகு வெளியே விட்டும் ஊரைத் தாண்டவிடாமல் கண்காணித்தார்கள். 1950-களின் நடுப்பகுதிவரை அவளால் ஸ்பெயினைவிட்டுப் போக முடியவில்லை. அப்பா செத்த செய்தியும் அவளுக்கு அந்த அடைப்புக்குள்தான் வந்தது. பிறப்புப் பதிவேட்டிலிருந்து அழிக்கச் சொன்ன உத்தரவும் அந்த ஊரில்தான் பிறந்தது. அப்பா பிறக்கவே இல்லையென்றால் அவர் மகள் என்பதற்காக அவளை எப்படிப் பிடித்து வைத்தார்கள்? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போவதே இல்லை.

இளைய மகள் மரியா 1936 நவம்பரில் தாய் குளோரியாவோடு பாரிஸுக்குப் போனாள். பதினான்கு வயது தொடங்கும் நேரம். போரில் கஸாரெஸ் மறுபடி எந்த அமைச்சராகவும் ஆகவில்லை. 1939-ல் குடியரசு வீழ, அவரும் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தார். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்கு வந்தபோது, மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத் தென்மேற்குத் துறைமுகம் போர்தோவுக்கு ஓடி, இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிடிபட்ட மற்றவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அது உயிர் பிழைத்த ஓட்டம்தான். கத்தலோனியத் தலைவர் லூயிஸ் கொம்பான்ய்ஸ், இன்னொரு வழக்கறிஞர், கடற்படை அமைச்சராகவும் இருந்தவர். அவரைப் பிரான்ஸில் பிடித்த ஜெர்மானியர் ஃபிராங்கோவிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15-ல் பார்ஸலோனாவின் மோன்த்யூய்க் கோட்டையில் சுட்டுவிட்டார்கள்.

1945-ல் கஸாரெஸ் பாரிஸ் திரும்பியபோது மகள் பிரெஞ்சு மொழி கற்று, நாடகக் கல்லூரி முடித்து, பெரிய நடிகையாகியிருந்தாள். அடுத்த ஆண்டே குளோரியா புற்றுநோயில் போய்விட்டாள். அப்பாவும் மகளும் வோஜிரார் தெருவில் ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். மகள் இரவு நாடகம் முடித்து வரும்வரை அவர் படித்துக்கொண்டு காத்திருப்பார். எழுத்தாளர் ஆல்பெர் காம்யூ மகளின் காதலர். அவருக்கும் காசநோய். காம்யூவுக்கும் மரியாவுக்கும் இடையே போன கடிதங்கள் 2017-ல் அச்சில் வந்தன. 1950 தொடக்கத்தில் எழுதியவற்றில் அப்பாவின் மூச்சு ஒவ்வொரு நாளாகக் குறைவது தெரிகிறது. பிப்ரவரி 17-ல் அவர் இறந்தார். மகள் மரணமாக நடித்த அந்தப் படம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். படத்தில் நான் பார்த்த முகத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அந்தத் தேதியைப் படித்த இரவில் நினைத்தேன். அது என் மனம் கட்டிய இணைப்பாகவும் இருக்கலாம், இருந்தாலும் இப்போது அந்தக் காட்சியை வேறு மாதிரி பார்க்க என்னால் முடியாது.

வெளிநாட்டவளாக வாழ்ந்த மரியாவுக்குப் பிரெஞ்சு அரசு கொடுத்த அட்டையில் அவள் வகை ‘சலுகை பெற்ற குடியிருப்பாளர்’ என்று அச்சாகியிருந்தது. அந்தச் சொல்லையே 1980-ல் வந்த தன் வாழ்க்கை நூலுக்குத் தலைப்பாக வைத்தாள். ஒரு அலுவலகப் படிவத்தின் கட்டத்தில் இருந்த சொல் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே பெயரானதை நினைத்தால், இத்தனை வருடம் நான் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் கனக்கின்றன.

கொருன்யாவுக்குப் பக்கத்தில் மொன்த்ரோவே என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு கோடைக்கால வீடு இருந்தது. மரியா தன் சிறுவயதை நினைக்கும்போதெல்லாம் அங்கேதான் போகிறாள். அதற்குத் தொலைவில்லாமல் மெய்ராஸ் மாளிகை இருக்கிறது. போர்க்காலத்தில் ஊர் மக்களிடம் வசூல் செய்து அதை ஃபிராங்கோவுக்குக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அவர் கோடையை அங்கே கழித்தார். 2020 டிசம்பரில்தான் அது அவர் வாரிசுகள் கையிலிருந்து அரசுக்கு வந்தது. பானாதேராஸ் தெரு வீடு அதற்கு முன்பே திரும்பிவிட்டது. 12-ஆம் எண். இப்போது அது கஸாரெஸ் கிரோகாவின் நினைவில்லம், நகராட்சி நடத்துகிறது.

அவரை நான் பெரிய தலைவர் என்று சொல்ல மாட்டேன். தட்டியிருக்க வேண்டிய கதவைத் தட்டவில்லை. கேட்டிருக்க வேண்டிய எச்சரிக்கையைக் கேட்கவில்லை. விசாரணை இல்லாமல் மனிதரைக் கப்பலேற்றினார். காஸாஸ் வியேஹாஸ் சாம்பலுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடச் சுரண்டி எடுக்க நான் தயாரில்லை. வலதுசாரிகள் அவரை ஜந்து என்றார்கள், இடதுசாரிகள் அவர் பெயரைச் சொல்லவே கூசினார்கள், கலீஸியத் தேசியவாதிகள் மத்ரித்துக்காகத் தங்களைக் கைவிட்டவர் என்றார்கள். ஆனால் கலீஸியாவின் தன்னாட்சிச் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தது 1936 ஜூன் 28-ல், அவர் பிரதமராக இருந்தபோதுதான். அதுவும் அவர் கணக்கில் எழுதப்பட வேண்டிய வரி.

மூத்த எழுத்தர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் இருந்திருந்தால் அந்த ஆளுநரின் கடிதத்தை மொழிபெயர்த்துக் காட்டியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பதிவேடு யாருதுன்னு நெனச்சானாம்?” என்று கேட்டிருப்பார்.

போன மே 8 அன்று, பழைய பழக்கத்தில், ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு எழுதினேன். பிறந்த தேதி: 8.5.1884. பெயர்: சாந்தியாகோ. பாலினம்: ஆண். பிறந்த இடம்: ஆ கொருன்யா. தந்தையின் தொழில்: வழக்கறிஞர். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்துத் தேதி போட்டு, மேசை அறைக்குள் வைத்திருக்கிறேன்.